ஆசீர்வாதம் அண்ணாச்சியின் கல் குழி

ஆசீர்வாதம் அண்ணாச்சி தன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதுதான் பொன்னுரங்கத்தின் ஆறு வருஷக் குறை. திட்டாதது மட்டும் இல்லை. அவன் செய்த தப்பை அவன் கையிலிருந்து பிடுங்கித் தன் பேரில் போட்டுக்கொண்டார். கேட்டவர்களிடமெல்லாம் "நான்தான்வே செஞ்சேன்" என்றார். ஒருத்தனுடைய தப்பை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அவன் என்னதான் செய்வது? மன்னிப்பும் கேட்க முடியாது, கோபித்துக்கொண்டு வேலையை விடவும் முடியாது. திட்டியிருந்தால் அன்றைக்கே ஒரு குவார்ட்டரோடு முடிந்திருக்கும் என்று பெண்டாட்டி குப்பம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

"நீ எப்டியும் குட்ச்சிருப்ப. அவரு திட்னா இன்னா, திட்டாங்காட்டி இன்னா" என்பாள் அவள்.

அண்ணாச்சிக்கு சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பதினாறு வயதில் ராயபுரத்து மளிகைக் கடை ஒன்றுக்குப் பொட்டலம் மடிக்க வந்தவர். பன்னிரண்டு வருஷம் மடித்தார். பிறகு திருவொற்றியூரில் சொந்தமாக ஒரு குடோன் பிடித்தார். மளிகை வைக்கவில்லை. தெருவுக்கு நாலு மளிகைக் கடை இருக்கிறது, எண்ணூர் ரோட்டில் இத்தனை இரும்புப் பட்டறைகள் இருக்கின்றன, அவர்களுக்குச் சாமான் போட ஆளைக் காணோம் என்று யோசித்தார். கல்கரி, சுண்ணாம்புக்கல், வார்ப்பு அச்சுக்கு வேண்டிய களிமண் பொடி, கடைசியாக ஃப்ளோர்ஸ்பார். இந்தக் கடைசிச் சாமானை குடோனில் எல்லாரும் பச்சைக்கல் என்பார்கள். ஊதா நிறத்திலும் வரும். அதற்கும் பேர் பச்சைக்கல்தான்.

இரும்பை உருக்கும்போது மேலே கசடு மிதக்கும். பச்சைக்கல்லைப் போட்டால் கசடு இளகிக் கஞ்சி மாதிரி ஓடிவிடும். போடாவிட்டால் களி மாதிரி நிற்கும், உலை அடைத்துக்கொள்ளும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கல் கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. சீனாவிலிருந்து வரும், மங்கோலியாவிலிருந்து வரும். ஒரு வருஷம் அங்கே என்னவோ சட்டம் போட்டார்கள், கல் வரவில்லை. வந்த கொஞ்சமும் துறைமுகத்தில் முப்பது நாள் கிடந்தது. பட்டறைக்காரர்கள் போனில் பேசிய பேச்சை அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"மண்ணுக்குள்ள கெடக்குத கல்லு" என்றார் போனை வைத்துவிட்டு. "நாலு கடல் தாண்டி வாங்குதோம். நம்ம மண்ணுல இல்லையாடே ரங்கா?"

பொன்னுரங்கம் முகத்துவாரக்குப்பத்துக்காரன். அஞ்சாம் வகுப்பு. கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் மண்டி மீன் ஓய்ந்தபோது படகை விட்டுவிட்டுக் குடோனுக்கு மூட்டை தூக்க வந்து, மேஸ்திரியாக நின்றவன். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அவனைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

"இருந்தாலும் இருக்கும், அண்ணாச்சி" என்றான்.

இருந்தது. ஆந்திராவில், உள்ளே தள்ளி, ஒரு மொட்டைக் குன்று. யாரோ ஒரு பெரியவர் குத்தகைக்கு எடுத்து, தோண்டிப் பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்ட குழி. அந்தப் பக்கம் போய்வரும் லாரி டிரைவர் ஒருத்தன் கைப்பிடி அளவு ஊதாக் கல்லைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அந்த ஊரின் பேரை அண்ணாச்சி கடைசி வரை சரியாகச் சொன்னதில்லை. கல்லூர் என்பார். எல்லாரும் கல்லூர் என்றே சொல்லிப் பழகினோம் என்று பட்டறைக்காரர்களே பின்னால் சிரித்தார்கள்.

குத்தகையைக் கைமாற்றி வாங்கும் முன்னால் கல்லைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி பொன்னுரங்கத்தைத்தான் அனுப்பினார். "குழியில எப்படிக் கெடக்கோ அப்படியே ஒரு மூடை அள்ளிட்டு வா" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். அவனுக்கும் தெளிவாகத்தான் விளங்கியது.

ஆனால் அவன் மீன்காரன் வீட்டுப் பிள்ளை. ஏலத்துக்கு ஒரு கூடையை வைக்கும்போது பெரிய மீனை, கண் தெளிந்த மீனை மேலே அடுக்குவார்கள். அது ஏமாற்று இல்லை. வாங்குகிறவனுக்கும் அது தெரியும், அவன் கையை உள்ளே விட்டு அடி மீனைப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பான். மேலே நல்ல மீன் இல்லாத கூடை மரியாதை இல்லாத கூடை. அதைக் கொண்டுபோய் வைப்பவனுக்குத்தான் அவமானம். அண்ணாச்சி பேரைச் சொல்லிப் போகிற மூட்டையை எப்படி மரியாதை இல்லாமல் அனுப்புவது? பொன்னுரங்கம் இரண்டு நாள் அந்தக் குழியில் குனிந்து நடந்து, கண்ணாடி மாதிரி இருந்த ஊதாவையும் பச்சையையும் பொறுக்கினான். மேலாக வைக்கத்தான் பொறுக்கினான். ஆனால் மூட்டையில் எது மேல், எது கீழ்? எந்தப் பக்கம் அவிழ்ப்பார்களோ தெரியாது. எதற்கு வம்பு என்று முழு மூட்டையையும் நல்லதாகவே நிரப்பிவிட்டான். சோதிக்கிறவன் கையை உள்ளே விட்டுப் பார்த்துக் கழித்துக்கொள்வான் என்று நினைத்தான்.

சோதிக்கிறவர் கையை விடவில்லை. மூட்டையோடு அரைத்துப் பொடியாக்கிவிட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று என்று காகிதம் வந்தது.

அண்ணாச்சி அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கொண்டுபோனார். ராயபுரத்து வீட்டை விற்றுக் குத்தகையை வாங்கினார், கல் உடைக்கும் மிஷின் ஒன்றும் வாங்கினார். எம்.கே.பி. நகரில் மாடி போர்ஷனுக்குக் குடிபோனார்கள். கம்பெனிக்கு மனைவி பேரை வைத்தார்: சுகிர்தம் மைன்ஸ் அண்ட் மினரல்ஸ்.

சுகிர்தத்தம்மாள் போர்டைப் பார்த்தாள். "கடைக்கு வச்சியளா எம்பேரை? வீட்டுக்கு வச்சியளா? குழிக்குப் போய் வச்சிருக்கியளே" என்றாள்.

"ஒனக்கு வைரம் மாதிரி இருக்கும்னு வச்சேன்."

"வைரத்தை நான் எங்க கண்டேன். குழியத்தான் பாக்கேன்."

முதல் லாரி பதினாறு டன். எண்ணூரில் ஒரு பெரிய பட்டறைக்குப் போனது. பட்டறைக்காரர்கள் உலையில் போட்டுப் பார்த்தார்கள், கசடு இளகுவதற்குப் பதிலாக இன்னும் கெட்டியானது. தங்கள் ஆளை வைத்துச் சோதித்தார்கள். ஐம்பத்து நாலு. மீதியெல்லாம் வெங்கச்சங்கல். வெள்ளைவெளேரென்று பார்க்க அழகாக இருக்கும், உலைக்கு விஷம். லாரி அப்படியே திரும்பி வந்து குடோன் வாசலில் மூன்று நாள் நின்றது. போகிற வருகிறவர்கள், வீடு கட்டுகிறீர்களா என்று கேட்டார்கள்.

நாலாம் நாள் அருள்பிரகாசம் வந்தார். அரசாங்கத்தில் மண்ணும் கல்லும் ஆராய்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அண்ணாச்சிக்குச் சபையில் பழக்கம். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தத் தொண்ணூற்றொன்று வந்த சாம்பிளை எடுத்தது யார்?"

பொன்னுரங்கம் டீ டம்ளரோடு கதவோரம் நின்றிருந்தான். வாயைத் திறந்தான்.

"நான்தான் எடுத்தேன்" என்றார் அண்ணாச்சி.

"நீங்க அந்த ஊருக்கே போனதில்லன்னு போன வாரம் சொன்னீங்க."

"போனேன். உம்மகிட்ட சொல்லல."

அருள்பிரகாசம் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

"அண்ணாச்சி, அது வந்து..." என்றான் பொன்னுரங்கம்.

"டீ ஆறுது. குடி" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க அவர் இடமே கொடுக்கவில்லை. அவன் ஆரம்பித்தால் லாரிக்கு டயர் பார்க்கச் சொல்வார். டயர் பார்த்துப் பார்த்து அவனுக்கு டயர் நன்றாகத் தெரிந்துபோனது.

மழையில் குழி நிறைந்தது. பிறகு கொரோனா. பிறகு அண்ணாச்சிக்குக் கிட்னி கெட்டது, வாரத்துக்கு இரண்டுநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணினார்கள். அங்கே படுத்திருக்கும்போதுதான் சுரங்க ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. இத்தனை நாளாகக் குழியிலிருந்து சரக்கு போகவில்லை. பங்குனி முடிவதற்குள் கல்லை ஏற்றி, வாங்கினவர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் கொடுக்காவிட்டால் குத்தகை ரத்து. கையில் நாலரை மாதம் இருந்தது. வீடு போய்விட்டது. குத்தகையும் போனால் அண்ணாச்சி கையில் மிச்சம் இருப்பது அந்த போர்டு மட்டும்தான்.

"விட்டுடுங்கோ அண்ணாச்சி" என்றான் பொன்னுரங்கம். "அது பேஜார் புடிச்ச குழி."

"அம்பத்து நாலு இருக்குல்லாடே. இல்லாதத ஒண்ணும் நான் தேடச் சொல்லல. இருக்குதத பிரிச்சு எடு."

அதற்கு ஆள் வேண்டும். கல்லூர்ப் பெண்கள் எட்டுப் பேர் வேலைக்கு வந்தார்கள். உடைத்த கல்லில் எது பச்சைக்கல், எது வெங்கச்சங்கல் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நிறத்தைப் பார்க்கச் சொன்னான். வெள்ளையிலும் பச்சைக்கல் வந்தது. ஒரு வாரம் பிரித்ததை அருள்பிரகாசம் பார்த்துவிட்டு, பிரிக்காமலே இருந்திருக்கலாம் என்றார்.

குப்பம்மா அந்த மாதம்தான் குன்றைப் பார்க்க வந்தாள். முதலாளி வீட்டை முழுங்கின குழி எப்படிக் கீது என்று பார்க்கத்தான் வந்தாள், வேலை செய்ய வரவில்லை. குழியைப் பார்த்தாள். "இவ்ளோதானா?" என்றாள். பிறகு குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாமல் இரண்டு கையிலும் ஒவ்வொரு கல்லை எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். முப்பது வருஷம் மீன் விற்ற கை.

"யோவ், இது கனமா கீது. இது லேசா கீது. ரெண்டும் ஒரே சைசு."

"அத்த வெச்சி இன்னா பண்ண சொல்ற?"

"கனமா கீறத இந்தாண்ட போடு. லேசா கீறத அந்தாண்ட போடு. இதுக்கு ஒரு ஆபீசரு வேற." இடுப்பிலிருந்து மீன் கத்தியை எடுத்து இரண்டிலும் ஒரு கோடு இழுத்தாள். கனமான கல்லில் கீறல் விழுந்தது. லேசான கல்லில் கத்தி வழுக்கிக்கொண்டு போனது, கத்தி முனைதான் மழுங்கியது. "இது மேல கோடு வுயுது. அதுல வுயல. பார்த்துக்கோ."

அருள்பிரகாசத்துக்குப் போன் போட்டுக் கேட்டான். அது சரிதான், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, பச்சைக்கல் கனம் அதிகம், கடினம் கம்மி என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று பொன்னுரங்கம் கேட்டான். நீங்க கேக்கலையே என்றார்.

குப்பம்மா இருபது நாள் அங்கேயே தங்கிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த தெலுங்கு காசிமேட்டுத் தெலுங்கு. அதில் பாதி கெட்ட வார்த்தை. எட்டுப் பெண்களுக்கும் அது நன்றாக விளங்கியது. சந்தேகம் வந்தால் கத்தி, இல்லாவிட்டால் கை. மாசி முடிவதற்குள் ஒரு லாரி அளவு குவிந்துவிட்டது.

இப்போது சாம்பிள் எடுக்க வேண்டும். இந்தமுறை அருள்பிரகாசமே நேரில் வந்து எப்படி எடுப்பது என்று காட்டினார். குவியலின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மண்வெட்டியால் எடுத்துக் கூம்பாகக் குவிக்க வேண்டும். தலையைத் தட்டி வட்டமாக்கி, நாலாகப் பிரிக்க வேண்டும். எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி கூம்பாக்கி, மறுபடி நாலு. கடைசியில் ஒரு சின்ன மூட்டை மிஞ்சும்வரை. நல்லது கெட்டது பார்க்கக் கூடாது. பொன்னுரங்கத்திடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அந்த மூட்டைக்கு எழுபத்தொன்று என்று வந்தது. பட்டறை கேட்பது எண்பது.

அண்ணாச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் காகிதத்தைப் பார்த்தார். கையில் ஊசி இருந்ததால் மற்ற கையால் பிடித்திருந்தார்.

"என்னடே பண்ணின?"

"சார் சொன்ன மாதிரிதான் நாலா பிரிச்சேன்."

"பிரிச்சப் பெறவு?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தான். "கடைசி மூட்டைல கொஞ்சம் மோசமான கல்லா நாலு சேர்த்தேன்."

"ஏன்?"

"போன தபா நல்லதா சேர்த்தேன் இல்ல. அதான்."

ஆறு வருஷத்தில் அந்த விஷயம் அவர்களுக்கு நடுவே வாய்விட்டு வந்தது அந்த ஒரு தடவைதான். பொன்னுரங்கம் காத்திருந்தான். இப்போதாவது திட்டுவார் என்றிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்டே" என்றார் அண்ணாச்சி. "கல்லுக்கு நீ வக்கீலும் இல்ல, போலீசும் இல்ல. அது என்னவோ அதச் சொல்லிட்டுப் போவுது." பிறகு, "டயர் பாத்தியா?" என்றார்.

மறுபடி எடுக்க நாள் இல்லை. லாரியை நேராகப் பட்டறைக்கே அனுப்புவது, அவர்கள் ஆளே குவியலைக் கொட்டிச் சாம்பிள் எடுக்கட்டும் என்று முடிவானது. எண்பதுக்குக் கீழே போனால் திருப்பி அனுப்புவோம் என்று பட்டறை மேனேஜர் முன்கூட்டியே சொன்னார். பங்குனியில் நாலு நாள் மிச்சம். திருப்பி அனுப்பினால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லையென்றால் குழி இல்லை.

கிளம்பும் முன்னால் அண்ணாச்சி போனில் ஒன்று சொன்னார். "அவனுவ சாம்பிள் எடுக்கும்போது நீ பக்கத்துல நிக்காத. கேட்டுக்கு வெளிய டீக்கடை இருக்கும், அங்க போய் இரி. குவியலுக்கு முதுகக் காட்டிட்டு இரி."

பொன்னுரங்கம் அப்படியே இருந்தான். நாலு டீ குடித்தான். உள்ளே மண்வெட்டி உரசும் சத்தம் கேட்டது. கூம்பு கட்டும்போது ஒருவிதச் சத்தம் வரும், நாலாகப் பிரிக்கும்போது வேறு விதம், அது அவனுக்குக் காதால் தெரிந்தது. ஒருதரம் பிரித்தார்கள், இரண்டுதரம், மூன்றுதரம். பெரிய கல்லாகத் தள்ளுகிறானா, தூளை மட்டும் அள்ளுகிறானா என்று பார்க்கக் கழுத்து தானாகத் திரும்பியது. டீக்கடைக்காரன் சுளுக்கா என்று கேட்டான். ஆமாம் என்று சொன்னான்.

மறுநாள் பதினோரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். எழுபத்தொன்பது புள்ளி ஆறு.

"எண்பது இல்லையே" என்றான் பொன்னுரங்கம்.

"இல்ல" என்றார் மேனேஜர். அவர் சிடுசிடுப்பான ஆள். காகிதத்தை இரண்டு தரம் திருப்பினார். "கப்பல்ல வந்த கல்லு எண்பத்தஞ்சுன்னு எழுதி வருது. இங்க சோதிச்சா எழுபத்தெட்டு. ஒங்களோடது நீங்க ஒண்ணும் எழுதாமயே எழுபத்தொம்பதரை. ரெண்டாந்தர ரேட்டு போட்டுக்கறேன். வேணும்னா இறக்கு, வேணாம்னா எடுத்துக்கினு போ. இன்னொரு தபா சோதிக்கணும்னா அதுக்கு நாலு நாள்."

பொன்னுரங்கம் கேட்டுக்கு வெளியே வந்து போன் போட்டான். சுகிர்தத்தம்மாள் எடுத்து அண்ணாச்சி காதில் வைத்தாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவர் கேட்பது இவனுக்கும் கேட்டது.

"எத்தன?"

"எழுபத்தொம்பது புள்ளி ஆறு, அண்ணாச்சி. ரெண்டாந்தர ரேட்டுன்றாரு."

சுகிர்தத்தம்மாளை அந்த எண்ணை இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நீ எங்க நின்ன?"

"டீக்கடைல."

"திரும்பிப் பாத்தியா?"

"கழுத்த மட்டும்."

"சரி. அப்பம் அதுதான் நம்ம கல்லு. இறக்கச் சொல்லு. கையெழுத்து வாங்கு."

கையெழுத்து வாங்கி, சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான். அசல் அன்றைக்கே சுரங்க ஆபீசுக்குப் போனது. குத்தகை நின்றது. அண்ணாச்சி நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரியில், ரத்தம் சுத்தம் பண்ணும் மிஷினில் இருக்கும்போதே போய்விட்டார். நடுவில் இருந்த நாட்களில் அவர் பேசியது சுகிர்தத்தம்மாளிடம் மட்டும்தான், அதுவும் தண்ணீர் கேட்டு. ஆகவே பொன்னுரங்கத்திடம் அவர் கடைசியாகப் பேசியது, கையெழுத்து வாங்கிவிட்டு அவன் மறுபடி போன் போட்டபோது.

"லாரி எப்பம் திரும்புது?" என்று கேட்டார்.

"இறக்கிட்டாங்கோ அண்ணாச்சி. இப்பவே கெளம்புது."

"வெறும் வண்டியாவா போவுது?"

"ஆமா. வேற இன்னா?"

"வெறும் வண்டியா விடாத. கல்லூர்ல அந்தப் பொம்பளையாளுவ எட்டு பேரு வெயில்ல கெடந்து பொறுக்கியிருக்காளுவ. காசிமேட்டுல கருவாடு வாங்கி ஏத்தி விடு. நெத்திலி போடு. வாளை வேண்டாம், அவளுவளுக்கு முள்ளு எடுக்கத் தெரியாது."